குளத்தின் மேலே ஒரு கோதா: இலண்டனைச் சூழ்ந்த ஊர்களின் பழைய மற்போர் மண்டபங்கள்

மற்போர் தமிழருக்குப் புதியதொன்றன்று. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடிவைத்தார். அதே மன்னன்பாற் காதல்கொண்ட நக்கண்ணையாரோ, ஊரில் ஒருசாரார் வெற்றி அவனதே என்றும் மற்றொரு சாரார் அன்று என்றும் பேசிநிற்க, தம் மனையிலிருந்த பனையோடு பொருந்திநின்று தம் கண்ணாலேயே அவன் வெற்றியைக் கண்டதாகப் பாடுகின்றார். மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு, யாக்கோபு என்பவன் இராமுழுவதும் ஒருவனோடு போராடித் தொடைச்சந்து சுளுக்கிய விவிலியக் கதையும் சிறுவயதிலேயே மனப்பாடம். வென்றவர் யார் என்ற கேள்வியும், நீ கண்ணாற் கண்டாயா என்ற கேள்வியும் மற்போரோடு கூடவே பிறந்தவை போலும்.

இவ்விரண்டு கேள்விகளும் எமது வீட்டுத் திண்ணைக்கே வந்துசேர்ந்தன. சென்ற ஆண்டு எமது பெரியப்பா ஒருவர் இலண்டன் குரொய்டனிலிருந்து ஊருக்கு வந்து ஒருமாத காலம் எம்மோடு தங்கினார். 1971-ஆம் ஆண்டு கணக்கியல் படிக்கச் சென்றவர்; அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை கிரிக்கெற்றைப் பற்றிய பேச்சு எப்படியோ மற்போரின் பக்கம் திரும்பிற்று. "நாங்கள் படிக்கிற காலத்திலை பெயர்பீல்ட் மண்டபத்துக்கு மல்யுத்தம் பாக்கப் போறனாங்கள். நான் இருந்த வீட்டுக்காரக் கிழவியும் தொப்பி போட்டுக்கொண்டு என்னோடை வரும்" என்று அவர் தொடங்கினார். நாம் இளமைச் செருக்கினாலே, "அதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டந்தானே, பெரியப்பா" என்று இடைமறித்துவிட்டோம். அவர் முகம் வாடியது. "தம்பி, விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது" என்று மாத்திரம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பின் இரண்டு நாள் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொல்லிய சொல்லை மீளப்பெற வழியின்மையால், அவர் கண்ட மண்டபங்களின் வரலாற்றையாவது தேடிப் படிப்போம் என்று தொடங்கினோம். அதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு பெருநகரின் எல்லையைப் பற்றிச் சொல்லல் வேண்டும். இன்று இலண்டன் என்று நாம் ஒரே பெயராற் சொல்லும் பரப்பு முன்னாளில் ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. 1889-ஆம் ஆண்டு தோன்றிய இலண்டன் கவுண்டிச் சபையின் அதிகாரம் நகரின் உட்பகுதியோடு நின்றுவிட்டது. எமது உறவினர் பலர் இன்று வாழும் குரொய்டன், வெம்பிளி, வால்தம்ஸ்ரோ, கிழக்கே வெஸ்ற்ஹாம், ஈஸ்ற்ஹாம் ஆகியவை அனைத்தும் அக்காலத்தில் அவ்வெல்லைக்கு வெளியே தத்தமக்குரிய நகரசபைகளோடு இருந்த தனி ஊர்கள். ரயில் வண்டியில் ஏறினால் அரைமணி நேரத்தில் நகரின் நடுவே இறங்கலாம். ஆயினும் மண்டபத்துக்கு அனுமதி வழங்குவதும் சோலைவரி வாங்குவதும் வேறு சபை. இந்தக் கோடுதான் எமது கதைக்கு முதுகெலும்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்போர் நகரின் நடுவே பெருமையோடு நடந்தது. 1904-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒலிம்பியா மண்டபத்தில் 'ரஷ்யச் சிங்கம்' எனப்பட்ட ஜோர்ஜ் ஹக்கன்சிமித் துருக்கிய மல்லன் அகமது மத்ராலியைச் சில நொடிகளிலே தூக்கி எறிந்தார். அவ்வாண்டு ஜூலையில் றோயல் அல்பேட் மண்டபத்தில் அமெரிக்கரான ரொம் ஜென்கின்ஸை வென்றார். 1910-இல் எம் துணைக்கண்டத்தின் காமா பயில்வான் இலண்டனுக்கு வந்தார். அவர் ஆள் உயரமில்லை என்று முதலில் எவரும் சட்டை செய்யவில்லை. பின்னர் செப்ரெம்பர் 10-ஆந் திகதி செப்பேட்ஸ் புஷ் பகுதியிலிருந்த வெள்ளைநகர் அரங்கிலே போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் பொருதினார். இரண்டரை மணிநேரத்துக்கு மேலாகவும் அப்போட்டி முடியவில்லை. ஸ்பிஸ்கோ பெரும்பாலும் நிலத்தோடு நிலமாய்க் கிடந்தே தம்மைக் காத்துக்கொண்டார். ஒருகிழமை கழித்து மறுபோட்டி என்று வைத்தார்கள். அன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை. காமா வென்றவராக அறிவிக்கப்பட்டார். இப்படி மணிக்கணக்காகத் தரையிற் கிடப்பது மல்லருக்கு மெய்யான போராயிருக்கலாம். காசு கொடுத்து வந்தவனுக்கு அது கொட்டாவி. முதலாம் உலகப்போரின் பின் இக்கலை இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்தேபோயிற்று.

மறுபடி அது எழுந்தது 1930-ஆம் ஆண்டின் இறுதியில். 'ஓல் இன்' என்ற பெயரோடு, ஏறக்குறைய எப்பிடியும் பிடிக்கலாம், எங்கும் அடிக்கலாம் என்ற வகையில் வந்தது. பரோனற் பட்டத்துக்குரிய குடும்பத்திற் பிறந்த அத்தோல் ஓக்லி என்பவரும், இஸ்லிங்டனிற் பிறந்த பேர்ட் அசிராட்டி என்ற பருத்த வல்லாளரும் அக்காலப் பெயர்கள். கூட்டம் திரண்டது. திரளத் திரள ஆட்டம் கரடுமுரடாயிற்று. கதிரை எறிவதும் நடுவரை அடிப்பதும் மலிந்தன. முப்பதுகளின் முடிவிலே இலண்டன் கவுண்டிச் சபை தன் எல்லைக்குள் இவ்வாட்டத்தைத் தடைசெய்துவிட்டது.

தடை நகருக்கு, சுற்றிலுமுள்ள ஊர்களுக்கன்று. பெரியவர்கள் வீட்டுக்குள் சீட்டாட விடாவிட்டால் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் போய் ஆடுவதை நாம் அறிவோம். தொழில் மற்போருக்கு அந்த வேலிக்கப்பால் இருந்த ஊர்கள் காத்திருந்தன. எட்டுப்பக்கக் கட்டடமாகிய ஹரிங்கே அரங்கு 1936-ஆம் ஆண்டு மிடில்செக்ஸ் பகுதியிலே, கவுண்டிச் சபையின் எல்லைக்கு வெளியே திறக்கப்பட்டது. போருக்குப் பின் ஓக்லி அங்கேதான் பெரும் போட்டிகளை நடத்தினார். 1948 ஒலிம்பிக்கின் கூடைப்பந்தாட்டமும் அங்கு நடந்தது; 1954-இல் பில்லி கிரகாம் பல கிழமைகள் தொடர்ந்து பிரசங்கம் செய்ததும் அதே கூரையின் கீழ். 1958-இல் மூடப்பட்டுக் களஞ்சியமாயிற்று; 1978-இல் இடித்தார்கள். ஆயினும் ஹரிங்கே பெரிய முதலாளிகளின் அரங்கு. எம் மனத்தைக் கவர்ந்தவை அதனிலும் சிறியனவாய், ஊரார் சோலைவரியிலே எழுந்தனவாய் இருந்த குளியலகங்களும் நகரமண்டபங்களுமே.

குளியலகத்தில் மற்போரா என்று வாசகர் வியக்கலாம். கிணற்றடியிலே வாளியால் அள்ளி வார்த்துக் குளிக்கும் எமக்கு இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் சென்றது. இங்கிலாந்தின் தொழிலாளர் வீடுகளிற் குளியலறை என்ற ஒன்று நெடுங்காலம் இருக்கவில்லை. 1846-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் ஊர்ச்சபைகள் பொதுக் குளியலகங்களைக் கட்டலாயின. அங்கே சிறிது காசு கொடுத்தால் வெந்நீர்த் தொட்டியில் ஒருமுறை குளிக்கலாம். பல இடங்களில் துணி துவைக்கும் சாலையும் கூடவே இருந்தது. அதனோடு நீந்துவதற்கு ஒரு பெரிய குளம். இந்தக் குளம் கோடையிலே நிரம்பிவழியும். மாரியிலோ அந்நாட்டுக் குளிரில் நீந்த வருவோர் மிகக் குறைவு. அவ்வளவு நீரையும் சூடாக்கி வைத்துக் காசை நெருப்பிலே போடுவதா? ஆகவே நீரை இறைத்துவிட்டு, அல்லது மட்டத்தைக் குறைத்துவிட்டு, குளத்தின் மேலே தாங்குமரங்களை நிறுத்திப் பலகை பாவினார்கள். பலகை பாவியவுடன் குளியலகம் மண்டபமாயிற்று. கார்த்திகையிலிருந்து பங்குனிவரை அம்மண்டபத்தில் நடனம், இசை, தொழிற்சங்கக் கூட்டம், தேர்தற் கூட்டம், குத்துச்சண்டை, மற்போர். சித்திரை பிறந்து வெயில் எட்டிப்பார்க்கப் பலகைகள் கழற்றப்பட்டுப் பிள்ளைகள் மறுபடி குதித்தார்கள்.

குளத்தின் நடுவே கோதா. சுற்றிவர மடக்குக் கதிரைகள். நீச்சல் பார்ப்பதற்கென்று அமைத்த மாடப்படிகளிலே மலிவு ரிக்கற்காரர். மல்லர் உடைமாற்றுவதோ நீச்சற்காரருக்குரிய சிறு அறைகளில். பலகைக்குக் கீழே வெற்றிடம் ஆதலால், ஒருவரைத் தூக்கி அடிக்கும்போது கோதாவின் மரத்தளமும் அதன் கீழ்ப் பலகையும் அதன் கீழ்க் குளமும் சேர்ந்து முழங்கும். ஒரு பெருமுரசின் மேலே நின்று மல்லுக்கட்டுவதாக எண்ணிப் பார்க்க. பெரியப்பா சொன்ன 'விழுந்த சத்தம்' எமக்கு இங்கேதான் முதன்முதல் விளங்கிற்று. அவர் கண்ட மண்டபம் குளியலகமன்று. ஆயினும் கோதாவின் தளமே மத்தளம்போல் அமைந்தது என்பதை நாம் அதுவரை எண்ணிப்பார்த்ததில்லை.

இத்தகைய குளியலகங்களிற் பெயர்பெற்றது வெஸ்ற்ஹாம் குளியலகம். றொம்போர்ட் வீதியிலே, ஸ்ராட்போட்டுக்கு அணித்தாக இருந்தது. வெஸ்ற்ஹாம் அந்நாளிலே எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த தனிநகரம்; துறைமுகத் தொழிலாளரும் ரயில்வேத் தொழிலாளரும் நிறைந்த ஊர்; போர்க்காலக் குண்டுவீச்சிலே மிகவும் அடிபட்டது. 1955-ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22-இல் இங்கிலாந்தின் வர்த்தகத் தொலைக்காட்சி தொடங்கியது. விளம்பரத்தால் வாழவேண்டிய அத்தொலைக்காட்சிக்கு மலிவாய்க் கிடைப்பதும் மக்கள் விரும்புவதுமான காட்சி ஒன்று வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 9-ஆந் திகதி முதன்முதலாக அவர்கள் மற்போரை ஒளிபரப்பியது இந்த வெஸ்ற்ஹாம் குளியலகத்திலிருந்துதான். கோர்ன்வால் மரபு மல்லரான பிரான்சிஸ் சென் கிளேயர் கிரெகரி, மைக் மரினோவோடு மோதினார்; கிளிவ் போமன்ற், பேர்ட் றோயலோடு மோதினார். வருணனை சொன்னவர் கென்ற் வோல்ற்றன். 1988-இல் ஒளிபரப்பு முடியும்வரை அக்குரலே தொடர்ந்து ஒலித்தது. கோடை வந்தால் பிள்ளைகள் குதித்து விளையாடும் குளம், மாரிகால இரவொன்றில் இலண்டன் வட்டாரத்து வீடுகளின் முன்னறைகளுக்குள்ளே நுழைந்துவிட்டதென்றால், அது வரலாற்றாசிரியர் எழுதாமல் விடத்தக்க செய்தியா?

கரடுமுரடென்று தடைசெய்யப்பட்ட ஆட்டம் குடும்பத்தோடு பார்க்கத்தக்கதாக மாறியது எங்ஙனம்? 1947-ஆம் ஆண்டிலே ஒரு குழு கூடியது. தலைவர் கடற்படைத் தளபதி மவுண்ட் எவன்ஸ் பிரபு. இவர் தென்துருவத்துக்கு ஸ்கொட் சென்ற பயணத்திலே உடன்சென்றவர். வானொலியிற் புகழ்பெற்ற கொமாண்டர் கம்பெல், பாராளுமன்ற உறுப்பினர் மொரிஸ் வெப், ஒலிம்பிக் மல்லர் நோர்மன் மொறெல் என்போர் உறுப்பினர். கடற்றளபதி ஒருவர் மற்போருக்கு நீதிநூல் வகுத்தது எமக்குச் சிரிப்பூட்டியது உண்மை. எனினும் அந்நூலின் பயன் பெரிது. எடைப்பிரிவுகள் ஏழு என்றார்கள். ஆட்டத்தைச் சுற்றுகளாகப் பிரித்தார்கள்; ஐந்து நிமிடச் சுற்றுகள் ஆறு என்பதே பெரும்பாலும் நாம் காணும் அளவு. இரு தோள்களும் தளத்திலே மூன்று எண்ணும்வரை கிடந்தால் ஒரு வீழ்ச்சி. வலி பொறாமற் பணிந்தாலும் ஒரு வீழ்ச்சி. இருமுறை வீழ்ந்தவர் தோற்றவர். பத்து எண்ணியும் எழாதவர் அப்போதே தோற்றவர். முறைதவறி அடித்தால் நடுவர் எல்லோரும் கேட்க எச்சரிப்பார். மூன்றாம் எச்சரிக்கையோடு ஆட்டத்திலிருந்தே விலக்குவார்.

ஆட்டத்தின் சுவை இந்த எச்சரிக்கையிலேதான் இருந்தது என்பது எமது எண்ணம். விதி இல்லாதபோது முறைதவறுபவனும் இல்லை. விதி வந்த பின்னரே நடுவர் திரும்பிநிற்கும் கணம் பார்த்துக் காதைத் திருகும் வில்லனும், அதைக் கண்டு கதிரையைவிட்டு எழுந்து கூச்சலிடும் கிழவியும் பிறந்தார்கள். எமது ஊர்க் கூத்திலே சூரபதுமன் வேடம் கட்டி ஆடியவரைக் கடைத்தெருவிற் கண்டும் பிள்ளைகள் அஞ்சி ஒதுங்கவில்லையா? அதுபோலவே அங்கும். கைப்பையாலே மல்லரை அடித்த மூதாட்டிகளின் கதைகள் அந்நாட்டிலே மலிந்து கிடக்கின்றன.

நடத்துநர்களிலே தென்பகுதியை ஆண்டவர்கள் பிறிக்ஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட டேல் மார்ட்டின் நிறுவனத்தார். 1952-இல் நாட்டின் பெரிய நடத்துநர்கள் ஒன்றுகூடி 'ஜொயின்ற் புறொமோஷன்ஸ்' என்ற கூட்டமைப்பை நிறுவி ஊர்களைத் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டபோது, இலண்டனும் சுற்றுப்புறமும் இவர்கள் கைக்கு வந்தன. அவர்களுக்குக் கட்டுப்படாத ஒருவரும் இருந்தார்: அவுஸ்திரேலியரான போல் லிங்கன். சோகோவிலே 'டூ ஐஸ்' என்ற கோப்பிக் கடையை நடத்தியவரும் அவரே. ஆங்கிலேய றொக் இசைப் பாடகர் பலர் அக்கடையின் நிலவறையிலே தொடங்கினார்கள். முகமூடி அணிந்து 'டொக்டர் டெத்' என்ற பெயரில் அவரே கோதாவிலும் இறங்குவார். நகரமண்டபங்கள் மற்றவர்கள் கையில் இருந்தமையால் அவர் படமாளிகைகளையும் எட்ஜ்வெயர் வீதியிலிருந்த மெற்றொபொலிற்றன் என்ற பழைய இசைக்கொட்டகையையும் பிடித்தார். அக்கொட்டகையை 1963-இல் இடித்தார்கள்.

நகரமண்டபங்களுக்கு வருவோம். வொட்போட் நகரமண்டபத்தின் பேரவைக்கூடம் 1940-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வால்தம்ஸ்ரோவின் நகரமண்டபம் போர்க்காலத்தின் நடுவே, 1942-இல், வெள்ளைக் கல்லாலே கட்டிமுடிக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே பேரவைக்கூடம். இவ்விரு கூடங்களுக்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு. ஓசை அவற்றிலே மிக நன்றாய் ஒலிக்கும். உலகப் புகழ்பெற்ற இசைக்குழுக்கள் தம் இசைத்தட்டுகளைப் பதிவுசெய்ய இக்கூடங்களைத் தேடி வந்தன. அண்மையிலே, 'லோர்ட் ஒப் த றிங்ஸ்' படத்தின் இசையிற் பகுதி பதிவாகியதும் வொட்போட்டிலேதான். பிடில் நரம்பின் மெல்லொலிக்காகப் புகழப்பட்ட அதே சுவர்களுக்குள் மற்றோர் இரவிலே இருநூறு இறாத்தல் ஆள் ஒருவன் முதுகடிபட விழுந்தான் என்பதை எண்ணும்போது எமக்கு உவகையே உண்டாகிறது. ஊர்ப்பணத்திற் கட்டிய மண்டபம் ஊரவர் எல்லோருக்கும் உரியது. இன்று பேத்தோவன், நாளை மல்லர், மறுநாள் சோலைவரி உயர்வுக்கு எதிர்ப்புக் கூட்டம்.

வெம்பிளி நகரமண்டபமும் 1940-இலே திறக்கப்பட்டது. போட்டி லேன் என்ற வீதியிலே நீண்டு நிமிர்ந்த செங்கற் கட்டடம். அதன் அயலிலுள்ள பெரிய மைதானத்திலேதான் 1948-இல் எம் நாட்டு டங்கன் வைற் நானூறு மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப்பதக்கம் வென்றார். மைதானத்தின் பெயரை அறியாத இலங்கையர் இலர். பக்கத்து மண்டபத்தில் மல்லர் பொருதியதை அறிந்தவர் எத்தனை பேர்? தொலைக்காட்சிக்காரர் தம் வண்டிகளோடு இங்கும் அடிக்கடி வந்தனர். 1965 ஜனவரி 2 முதல் சனிக்கிழமை பிற்பகல் விளையாட்டு நிகழ்ச்சியிலே நாலு மணியளவில் மற்போர் என்பது வழக்கமாயிற்று. உதைபந்தாட்ட முடிவுகளுக்கு முன் நாடே அதைப் பார்த்தது எனலாம்.

அவ்வாண்டே மற்றொன்றும் நடந்தது. 1965 ஏப்பிரல் 1-ஆந் திகதி பழைய கவுண்டிச் சபை மறைந்து, பெரிய இலண்டன் சபை தோன்றியது. வெஸ்ற்ஹாமும் ஈஸ்ற்ஹாமும் சேர்ந்து நியூஹாம் ஆயின. வெம்பிளி பிரென்ற் ஆயிற்று. வால்தம்ஸ்ரோ வால்தம் பொறெஸ்ற் ஆயிற்று. குரொய்டன் தன் பெயரோடே இலண்டனுக்குள் வந்தது. வொட்போட் மாத்திரம் வெளியே நின்றது. ஊர்கள் நகருள்ளே போயின. உள்நகர் மண்டபங்களும் அதற்கு முன்பே மற்போருக்கு மெல்ல மெல்லத் திறந்துவிட்டன. 1963-இல் றோயல் அல்பேட் மண்டபத்திலே எடின்பரோ கோமகனே வந்திருந்து பார்த்தார்.

இனிப் பெரியப்பாவின் குரொய்டன். பெயர்பீல்ட் மண்டபத்தை 1962-ஆம் ஆண்டு நவம்பர் 2-இல் எலிசபெத் தாய்மகாராணியார் திறந்துவைத்தார். பெரிய இசைக்கூடத்திலே ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கலாம். மற்போருக்கு அது தென்னிலண்டனின் தலைவாசல். இங்கே ஒரு செய்தி எம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. நாம் முன்னே சொன்ன ரஷ்யச் சிங்கம் ஹக்கன்சிமித், போட்டிகளை விட்ட பின் மெய்யியல் நூல்கள் எழுதிக்கொண்டு, இதே குரொய்டனைச் சேர்ந்த தென் நோர்வூட் பகுதியிலே வாழ்ந்திருந்து, 1968 பெப்ரவரியில் தொண்ணூறு வயதிலே காலமானார். புதிய மண்டபத்திலே கோதா அமைத்த அந்த ஐந்தாறு ஆண்டுகளும் பழைய சிங்கம் சில மைல் தொலைவில் எழுதுமேசை முன் இருந்தது. காலம் எத்துணை நெருங்கியது!

பெரியப்பா கண்டவர்களுள் முதலிடம் மிக் மக்மானஸுக்கு. கறுத்த தலைமயிர், கறுத்த காற்சட்டை. தம் காதைத் தொட்டால் மாத்திரம் பொறுக்கமாட்டார். மற்றவர் காதையோ விடமாட்டார். அவருக்கு எதிரியாகப் பேர்பெற்றவர் ஜக்கி பலோ. பொன்னிறக் கூந்தலைப் பின்னே நாடாவால் முடிந்தவர். 1963-ஆம் ஆண்டு உதைபந்தாட்டக் கிண்ண இறுதிநாளன்று இவ்விருவரும் தொலைக்காட்சியிலே மோதியது இன்றும் அந்நாட்டு முதியோர் வாயில் நிற்கும் செய்தி.

இந்தப் பலோவே 1985-இல் ஒரு நூல் எழுதி, வெற்றிதோல்விகள் முன்னரே பேசிவைக்கப்பட்டவை என்று உடைத்துவிட்டார். நாம் அன்று திண்ணையிலே பேசியது இந்நூலின் செய்தியைக் கேள்விப்பட்ட பலத்தினாலேதான். செய்தி பொய்யன்று. அதனைத் திரும்பப்பெற நாம் முயலவும் இல்லை. ஆயினும் அது கதையின் முழுமையும் அன்று என்பதைப் பலோவின் வாழ்க்கையே காட்டுகின்றது. 1964-இல் 'அவெஞ்சர்ஸ்' என்ற தொலைக்காட்சி நாடகத்திலே ஓர் அடிபிடிக் காட்சி. நடிகை ஹொனர் பிளக்மன் நடிப்புக்காக உதைக்க, பலோ ஒப்பனைக் கல்லறைக் குழிக்குள் விழுந்து மெய்யாகவே நினைவிழந்து கிடந்தார். பொய்யுதை, மெய்ம்மயக்கம். இதனிலும் துயரமானது 1987 ஓகஸ்ற் மாதத்தில் கிரேற் யாமத் ஊரிலே நிகழ்ந்தது. மல் கேர்க் என்ற மல்லர், 'பிக் டாடி' எனப்பட்ட பாரிய மல்லர் மேலே விழுந்த ஆட்டத்தின் முடிவில் எழவேயில்லை. அவருக்குக் கடுமையான இருதயநோய் இருந்ததென மரண விசாரணையிலே தெரிந்தது. மற்றவர்மேற் குற்றமில்லை என்றார்கள். அன்றிரவின் முடிவையும் முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். அவர் இறப்பை எவரும் பேசிவைக்கவில்லை.

முடிவு பேசிவைத்ததாயினும் முதுகு அடிபட்டது பேசிவைத்ததன்று. ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊர். இன்று வொட்போட், நாளை குரொய்டன், மறுநாள் கடற்கரைப் பட்டினம். வண்டியிலே தூங்கி எழுந்து, மற்றொரு பலகையிலே விழுதல். விழக் கற்பதே அத்தொழிலின் பாலபாடம் என்பர். பெரியப்பா கேட்டது அந்தச் சத்தத்தை. நாம் சொன்னது தீர்ப்பைப் பற்றி. இருவரும் வெவ்வேறு பொருளைப் பேசியிருக்கிறோம். அன்று அது எமக்குத் தெரியவில்லை.

மீதியைச் சுருங்கச் சொல்வோம். எழுபதுகளின் நடுவிலிருந்து ஆட்டம் பிக் டாடி ஒருவரையே சுற்றிச் சுழன்றது. அவர் ஜயன்ற் ஹேஸ்ரக்ஸை வென்ற 1981-ஆம் ஆண்டுப் போட்டி நகரமண்டபத்தில் அன்று, வெம்பிளிப் பேரரங்கிலே நடந்தது. சிறுவர்கள் திரண்டனர், நுட்பம் விரும்பிய முதியோர் விலகினர். 1985-இல் சனிக்கிழமை நிகழ்ச்சி நின்றது. 1988 டிசம்பரில் மற்போர் ஒளிபரப்பே நின்றது. தொலைக்காட்சி நின்றபின் ஊர்மண்டபங்கள் ஒவ்வொன்றாய்க் கையைவிரித்தன. குரொய்டனிலே அதற்குப் பின்னும் சிலகாலம் கோதா அமைத்தார்கள்.

வெஸ்ற்ஹாம் குளியலகம் இன்று இல்லை. வீடுதோறும் குளியலறை வந்தபின் பழைய குளியலகங்களுக்கு வேலையும் இல்லை. வெம்பிளி நகரமண்டபத்தை விற்றுவிட்டார்கள். 2015 முதல் அது பிரெஞ்சு மொழிப் பாடசாலை. பெயர்பீல்ட் 2016-இல் திருத்தவேலைக்காக மூடப்பட்டு 2019-இல் மறுபடி திறந்தது. 1929-இலே கட்டிய பெத்னல் கிறீன் யோர்க் மண்டபத்தையும் இருபதாண்டுகளுக்கு முன் மூட எண்ணினார்கள். ஊரார் கிளர்ந்து காத்துக்கொண்டனர். குத்துச்சண்டையோடு மற்போரும் அங்கே பின்னாளிலும் நடந்தது.

பெரியப்பா திரும்பிச் சென்று இரண்டு மாதத்தின் பின், இக்கட்டுரைக்கு உதவட்டும் என்று ஒரு கடிதவுறை அனுப்பினார். உள்ளே பெயர்பீல்ட் மண்டபத்து மற்போர் நிகழ்ச்சித்தாள் ஒன்று, நாலாக மடித்தது. அதனோடு ஒரு துண்டு: "இது கிழவியின்ரை. செத்தபோது எனக்கெண்டு எடுத்து வைச்சிருந்தது." ஒவ்வோர் ஆட்டத்தின் நேரேயும் பென்சிலாலே சுற்று வாரியாகக் குறிப்பு எழுதியிருந்தார் அந்த மூதாட்டியார். இரண்டாம் சுற்றில் ஒரு வீழ்ச்சி, நாலாம் சுற்றில் முதல் எச்சரிக்கை என்று கணக்குப்பிள்ளை எழுதுவதுபோல் எழுதியிருந்தது. கடைசி ஆட்டத்தின் கீழே வென்றவர் என்று ஒரு பெயரை எழுதி அடித்திருந்தார். அதன்மேல் மற்றவர் பெயரை எழுதி, அதையும் அடித்திருந்தார்.